ஏசி ஜிம்மா, தெரு ஜிம்மா? சின்ன பிளேட்டைப் பார்த்துவிட்டுச் சேருங்கள்

நாற்பத்திரண்டு வயதில் எடை தூக்கிப் பழகலாம் என்று இறங்கியபோது, வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இரண்டு ஜிம் இருந்தன. ஒன்று மெயின் ரோட்டில், ஏசி போட்ட மூன்றாவது மாடி, வருடத்துக்கு 14,000 ரூபாய். இன்னொன்று ரேஷன் கடைக்குப் பின்னால் ஷீட் கூரைக் கூடம், மாதம் 700. முதலாவதில் மூன்று மாதத்தில் நின்றுவிட்டேன். இரண்டாவதில் இது பதினோராவது மாதம்.

டிரெட்மில், லாக்கர், பாத்ரூம் எல்லாவற்றிலும் பெரிய ஜிம்தான் மேல். நடக்கவும் ஓடவும் மட்டும்தான் என்றால் தாராளமாக அங்கேயே சேருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. பில்லைப் பார்த்து வாங்குங்கள்.

எடை தூக்கத்தான் போகிறீர்கள் என்றால் நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: ராடின் முனைகளில் மாட்டுகிற எடைத் தட்டுகளில், அதாவது பிளேட்டுகளில், இங்கே இருப்பதிலேயே சின்னது எத்தனை கிலோ?

பலம் ஏறுவது கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதால்தான். எட்டுத் தடவை சுலபமாக வந்துவிட்டால் அடுத்த முறை சிறிது கூட்ட வேண்டும். கால்கள் பெரிய ஏற்றத்தையும் தாங்கிக்கொள்ளும், தோள் தாங்காது. பெரிய ஜிம்மில் பிளேட் மாட்டாத வெறும் ராடே 20 கிலோ. தலைக்கு மேல் தூக்க அது எனக்கு அதிகம். டம்பெல்லுக்குப் போனால் 5, அடுத்தது ஏழரை, அதற்கடுத்தது 10. ஐந்து கிலோ பன்னிரண்டு தடவை வந்தது. ஏழரை மூன்று தடவைக்கு மேல் வரவில்லை. ஒரே தாவலில் ஒன்றரை மடங்கு! ஆறு வாரம் அந்த இடைவெளியிலேயே நின்றேன். "ரெப்ஸைக் கூட்டுங்க மேடம்" என்றார் டிரெய்னர், அதாவது ஐந்து கிலோவையே இன்னும் அதிகத் தடவை தூக்கச் சொன்னார். அது தப்பான யோசனை இல்லை, இருபது வரை கூட்டினேன். ஏழரை மட்டும் அசையவில்லை. என் உடம்புக்கு இவ்வளவுதான் போலிருக்கிறது என்று தோன்ற ஆரம்பித்தது. அப்புறம் செவ்வாய் போகவில்லை, வியாழன் போகவில்லை, அப்படியே நின்றுபோனது.

தெரு ஜிம்மில் முதல் நாளே மாஸ்டர் ஜன்னலோரம் ஆணியில் மாட்டியிருந்த இரண்டு பிளேட்டைக் கழற்றிக் கொடுத்தார். பெயிண்ட் உரிந்து, ஓரம் வழவழவென்று தேய்ந்து, ஒரு தோசை அளவுகூட இல்லை. ஒவ்வொன்றும் ஒன்றேகால் கிலோ. "ரெண்டு பக்கமும் மாட்டுங்கம்மா. எட்டு வந்தா அடுத்ததைப் பாக்கலாம்." ராடு 10 கிலோ என்றார், வீட்டிலிருந்து எடை மெஷின் கொண்டுபோய் நிறுத்தேன், 8.4. ஆக 10.9 கிலோவில் தொடங்கி, இரண்டரை இரண்டரையாக ஏறி, இன்று 20.9. ஒவ்வொரு ஏற்றத்தையும் தேதியோடு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த நோட்டுக்காகவே காலையில் கிளம்பத் தோன்றுகிறது.

இதே சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் பளுதூக்குதலின் 77 கிலோ பிரிவில், இரண்டு தூக்கு முறைகளில் 149, 179 கிலோ என்று தூக்கித் தங்கம் வாங்கினார், 2018இல் கோல்ட் கோஸ்ட்டிலும் தங்கம். அப்படிப்பட்ட மேடைகளிலேயே அடுத்த முயற்சிக்கு ஒரே ஒரு கிலோ கூட்டிக் கேட்கலாம். இரண்டு கையிலுமாக ஐந்தும் ஐந்தும் பத்து கிலோ தூக்கிக்கொண்டிருந்த எனக்கு ஒரேயடியாக இன்னும் ஐந்து என்றால் எப்படி?

நாமே சின்ன பிளேட் வாங்கிப் போனால் என்ன என்று கேட்கலாம். நானும் ஏசி ஜிம்மில் கேட்டேன், வெளிப்பொருள் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் ஊர் ஏசி ஜிம்மில் விடுகிறார்கள் என்றால், அல்லது அங்கேயே சின்ன பிளேட்டும் லேசான ராடும் இருந்தால், என் வாதத்தில் பாதி போய்விடும். பிளேட் வாங்குவதற்கு முன் ராடின் முனையை மட்டும் அளந்துகொள்ளுங்கள். பெரிய ஜிம் ராடுக்குப் பிளேட்டில் 50 மில்லிமீட்டர் ஓட்டை வேண்டும். தெரு ஜிம் ராடு அநேகமாக 25 முதல் 30க்குள்தான். ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்குச் சரிப்படாது.

தெரு ஜிம்மிலும் குறை உண்டு. ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட்டுக்குத் தடுப்புக் கம்பி வைத்த ரேக் கிடையாது. நான் 40 கிலோதான் போடுகிறேன், பின்னால் மாஸ்டர் நிற்கிறார், போதுமாக இருக்கிறது. எழுபது, எண்பது என்று போகிறவர்களுக்குப் பெரிய ஜிம் ரேக் பாதுகாப்பு என்றுதான் நினைக்கிறேன். நான் அந்த எடைக்கு இன்னும் வரவில்லை. மே மாதத்தில் ஷீட்டுக்கு அடியில் பாதி செட்டோடு திரும்பிய நாட்களும் உண்டு.

பெண்களுக்கான நேரம் காலை பத்திலிருந்து பன்னிரண்டு மட்டும். வீட்டிலிருந்தே தையல் வேலை பார்ப்பதால் எனக்கு ஒத்துவருகிறது, ஆபீஸ் போகிறவர்களுக்கு முடியாது. ஐந்து பேர் சேர்ந்தால் மாலை ஏழு மணிக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குவதாக மாஸ்டர் சொல்லியிருக்கிறார். இதுவரை மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.