சிவகாசி பிரஸ் ஒன்றின் போன், நெட், மொபைல்: எதை வைத்திருக்கிறோம், எதைக் கழற்றினோம்

எங்களுடையது சிவகாசியில் நடுத்தர அளவு ஆஃப்செட் பிரஸ். தினசரி காலண்டர், மாதக் காலண்டர், இடைக்காலத்தில் நோட்டு அட்டை, லேபிள். மெஷின் பக்கம் என் கணவரும் கொழுந்தனாரும் பார்த்துக்கொள்கிறார்கள். பில், பேங்க், ஜி.எஸ்.டி., அதோடு போனும் நெட்டும் என் பொறுப்பு. ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் மாதிரிகள் அடங்கிய புது ஆல்பம் வெளியானதும் தொடங்குகிற ஓட்டம் டிசம்பர் கடைசி வரை ஓயாது. அந்த மாதங்களில் நெட் அரை நாள் நின்றால் என்ன ஆகும் என்பதை வைத்துத்தான் நான் ஒவ்வொரு சேவைக்கும் மார்க் போடுகிறேன். வீட்டில் படம் பார்க்க நெட் தேடுகிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

முதலில் லேண்ட்லைன். "இந்தக் காலத்துல இன்னும் லேண்ட்லைனா?" என்று கேட்கிறவர்களுக்குக் காலண்டர் தொழில் தெரியாது. 04562 என்று தொடங்கும் எங்கள் நம்பர் மாமா காலத்தில் வாங்கியது. ஆல்பத்தின் பின் அட்டை, விலைப் பட்டியல், பில் புக், லாரி ஆபீஸ் சீட்டு எல்லாவற்றிலும் அதுதான் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் கூப்பிடுகிற நகைக்கடைக்காரர் பழைய ஆல்பத்தைப் புரட்டி அந்த நம்பரைத்தான் அடிப்பார். மொபைல் நம்பரை 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்கக் கம்பெனி விட்டுக் கம்பெனி மாற்றிக்கொள்ளலாம். லேண்ட்லைனுக்கு அந்த வசதி கிடையாது. இணைப்பை விட்டால் நம்பரும் போய்விடும். அதனால் பி.எஸ்.என்.எல். செம்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாறியபோது நான் கேட்ட முதல் கேள்வியே "நம்பர் அதேதானே?" என்பதுதான். அதே நம்பரை ஃபைபரில் ஏற்றித் தருகிறார்கள். பழைய கம்பியை வைத்திருக்கும் பிரஸ்காரர்கள் விண்ணப்பத்திலேயே இதைத் தெளிவாக எழுதிக் கொடுப்பது நல்லது. புது இணைப்பு என்று பதிவானால் புது நம்பர்தான் வரும்.

ஒரு வித்தியாசம் உண்டு. பழைய செம்புக் கம்பிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும். கரண்ட் போனாலும் போன் அடிக்கும். ஃபைபரில் போனை மோடத்தின் பின்னால் சொருகுகிறோம், மோடம் அணைந்தால் போனும் அணைந்துவிடும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் மாலை 5 வரை ஈ.பி. கரண்டை நிறுத்தும் ஊர் இது. ஜெனரேட்டர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் கரண்ட் போய் அது ஓடத் தொடங்கும் வரையுள்ள அந்த இடைவெளியில் மோடம் அணைந்து, திரும்ப எழுந்து, நெட் பிடிப்பதற்குள் இ-இன்வாய்ஸ் பக்கம் பாதியில் நின்றுவிடும். மோடத்துக்கென்றே 12 வோல்ட் மினி யூ.பி.எஸ். விற்கிறார்கள், கையடக்கப் பெட்டி. எங்கள் மொத்த ஏற்பாட்டில் விலைக்கு மேல் வேலை செய்யும் பொருள் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

லேண்ட்லைன் பற்றி இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. வாட்ஸ்அப் பிசினஸை லேண்ட்லைன் நம்பரிலேயே பதியலாம். எஸ்.எம்.எஸ். வராது என்பதால் "கால் மீ" என்பதை அழுத்த வேண்டும், போன் அடித்து ஆறு இலக்கத்தைச் சொல்லும். இப்போது ஆல்பத்தில் அச்சிட்ட நம்பருக்கே பார்ட்டிகள் லோகோவும் ப்ரூஃப் திருத்தமும் அனுப்புகிறார்கள். யாருடைய சொந்தக் கைபேசியிலும் அது மாட்டிக்கொள்ளவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் டிசைன் பையன்கள் கம்ப்யூட்டரிலும் இணைத்துவிட்டதால் நான் இல்லாத நேரத்திலும் பதில் போகிறது.

அடுத்து நெட். பி.எஸ்.என்.எல். ஃபைபரைப் பெரும்பாலும் உள்ளூர்ப் பார்ட்னர்கள்தான் வீட்டுக்கு வீடு இழுத்துத் தருகிறார்கள். பலர் முன்பு கேபிள் டி.வி. நடத்தியவர்கள். ஆகவே பி.எஸ்.என்.எல். நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பயனில்லை. உங்கள் தெருப் பார்ட்னர் யார், அவரிடம் அறுந்த ஃபைபரை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷின் சொந்தமாக இருக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பாரா என்று கேளுங்கள். எங்களுக்கு வாய்த்த அண்ணாச்சி இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். காலண்டர் பண்டல் உயரமாக ஏற்றிய வண்டி வயரை இழுத்துக்கொண்டு போவது எங்கள் தெருவில் சாதாரணம். மோடத்தில் சிவப்பு விளக்கு மினுக்கினால் அவருக்கு ஒரு போட்டோ அனுப்புவேன். "வாரேன்க்கா, ஏணியைத் தேடிட்டிருக்கேன்" என்று பதில் வரும், பின்னாலேயே ஆளும் வந்துவிடுவார். ஐந்துக்கு ஐந்து.

இணைப்பு கொடுத்த அன்றே அவர் ஃபைபரில் வரும் ஒளியின் பலத்தை அளக்கும் பவர் மீட்டரைச் சொருகி மைனஸ் 19 (டி.பி.எம்.) என்று காட்டினார். அதை மோடத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி எழுதி வைத்தேன். மைனஸ் 27ஐத் தாண்டினால் லைன் தள்ளாடத் தொடங்கும். நெட் மந்தமாகிற நாளில் மீட்டர் மைனஸ் 25 காட்டினால் எங்கோ வயர் மடங்கியிருக்கிறது, இல்லையென்றால் ஜாயிண்ட் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க மேடம்" என்று கஸ்டமர் கேரில் சொல்கிறவரிடம் இந்த எண்ணைச் சொன்னால் பேச்சே மாறிவிடும்.

வேகத்தைப் பொறுத்தவரை நோட்டீஸில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் டவுன்லோடு. பிரஸ்ஸுக்கு அப்லோடுதான் பிழைப்பு. எங்கள் டிசைன் பிரிவு ஓரிடம், பிளேட் போடுகிற இடம் வேறு. 2 ஜிபி ஆல்பம் ஃபைல் 10 எம்பிபிஎஸ் அப்லோடில் போக அரை மணி நேரத்தை நெருங்கும், 100 எம்பிபிஎஸ்ஸில் மூன்று நிமிஷத்துக்குள் போய்விடும். டவுன்லோடு 100, அப்லோடு அதில் ஒரு பங்கு என்று கொடுக்கிற பிளானும் சந்தையில் உண்டு. அப்லோடு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். இன்னொன்று: ஒரு ஃபைபரை ஸ்ப்ளிட்டர் போட்டு 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரித்துத்தான் கொடுக்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் குடத்தோடு வந்தால் தெருக்குழாயில் என்ன ஆகுமோ அதுதான் ராத்திரி எட்டு மணிக்கு இங்கேயும். பகிராத, ஏற்றமும் இறக்கமும் ஒரே வேகமாக உள்ள லீஸ்டு லைன் வேண்டுமானால் விலை பல மடங்கு. எங்கள் அளவு பிரஸ்ஸுக்கு அது வீண் செலவு என்பது என் தீர்மானம். பெரிய ஃபைல்களைக் காலையில் அனுப்பச் சொல்லிப் பழக்கினேன், வேலை முடிந்தது.

"அன்லிமிடெட்" என்பதையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். பல ஃபைபர் பிளான்களில் மாதம் 3300 ஜிபி தாண்டினால் வேகம் விழும், வயரில்லாமல் 5ஜி சிக்னலில் வரும் ஏர்ஃபைபர் வகையில் பெரும்பாலும் 1000 ஜிபி. ஃபைல் அனுப்பி வாங்கி யாரும் அவ்வளவு தொட முடியாது. கேமராதான் ஆபத்து. ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ்ஸில் இரவும் பகலும் கிளவுடுக்கு அனுப்பினால் மாதம் 650 ஜிபிக்குப் பக்கத்தில் வரும். எட்டுக் கேமராவுக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கேமராக்காரர் கிளவுடு பேக்கேஜ் விற்க வந்தார். பதிவு டி.வி.ஆர். பெட்டியிலேயே இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டேன்.

இனி கழற்றிய கதை. இரண்டாவது லைனாக ஒரு பெரிய தனியார் கம்பெனியின் ஃபைபர் வைத்திருந்தோம். பெயர் வேண்டாம். ஓடும்போது அருமையாக ஓடியது, அதில் குறை சொல்ல மாட்டேன். அறுந்தபோதுதான் தெரிந்தது, கூப்பிட ஆளே இல்லை என்று. ஆப்பில் புகார் போட வேண்டும், அதில் இயந்திரம் பேசும், பிறகு "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எஸ்.எம்.எஸ். வரும். அறுந்த வயர் ஜன்னலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். இந்த மாதிரி நேரத்தில் செய்ய வேண்டியது, புகாரின் டாக்கெட் நம்பரோடு அதே கம்பெனியின் அப்பீல் அதிகாரிக்கு எழுதுவது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி ஒவ்வொரு கம்பெனியும் அப்படி ஓர் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும், கட்டணம் இல்லை. 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கு நேரடியாக எழுதினால் அது தனி ஆள் புகாரைத் தீர்த்து வைக்காது. அப்பீல் போட்டபின் பில்லில் கழித்துக் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டே கழற்றினேன்.

கழற்ற இன்னொரு காரணமும் உண்டு. அந்த ஃபைபரும் அண்ணாச்சி ஃபைபரும் ஒரே ஈ.பி. கம்பத்தில் ஒன்றாகவே வந்தன. ஒரு லாரி இழுத்தால் இரண்டும் போகும். அப்புறம் இரண்டாவது லைன் எதற்கு? அதற்குப் பதில் மொட்டைமாடியில் பெட்டி வைத்து 5ஜி சிக்னலில் வரும் நெட் எடுத்தோம். வயரே இல்லை. தகரக் கூரைக்கு உள்ளே வைத்தால் உதவாது, வெளியே டவர் பக்கம் பார்த்து வைக்க வேண்டும். இரண்டு நெட்டையும் இரண்டு இணைப்பை ஏற்கும் ரவுட்டர் (டூயல் WAN) ஒன்றில் சொருகிவிட்டோம், ஃபைபர் நின்றால் தானாக மற்றதற்குத் தாவும். ரவுட்டர் ஒரு தடவைச் செலவு. இதை அமைத்துத் தரத் தெரிந்த பையனைப் பிடிப்பதுதான் கொஞ்சம் சிரமம்.

பில் விஷயம் சுருக்கமாக. 999 என்று போட்டிருக்கும் பிளான் 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 1178.82 ஆகும். அந்த 179.82 உள்ளீட்டு வரியாகத் திரும்ப வரும், இணைப்பு பிரஸ் பெயரில் இருந்து ஜி.எஸ்.டி. நம்பரும் பில்லில் ஏறியிருந்தால். முதலாளியின் ஆதாரைக் கொடுத்து வீட்டு இணைப்பாக எடுத்தால் வராது. விற்க வருகிற பையன்கள் ஆதாரே போதும் என்பார்கள், அவர்களுக்கு அது சுலபம்.

மொபைலில் எனக்கு ஒரே பிடிவாதம்: ஆர்டர் பிடிக்கப் போகிற ஆட்களின் நம்பர் பிரஸ் பெயரில் இருக்க வேண்டும். பக்கத்துப் பிரஸ் ஒன்றில் கேரளா லைன் பார்த்தவர் விலகினார். சொந்த சிம். அடுத்த ஆடியில் அந்த லைன் பார்ட்டிகள் எல்லாம் அவர் சேர்ந்த இடத்துக்கே கூப்பிட்டார்கள், அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லித் திருப்ப வேண்டியிருக்கவில்லை. முதலாளி பெயரிலேயே எல்லா சிம்மும் எடுக்கலாமே என்றால் ஒருவர் பெயரில் ஒன்பதுதான். நிறுவனப் பெயரில் எடுக்கும்போது 2023க்குப் பிந்தைய விதிப்படி ஒவ்வொரு சிம்மையும் வைத்திருப்பவரின் கே.ஒய்.சி.யும் (அடையாளச் சரிபார்ப்பு) கேட்பார்கள். கொஞ்சம் அலைச்சல், ஆனால் ஆள் விலகினால் சிம்மை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்து, அவருடைய கே.ஒய்.சி.யைப் பதிந்துவிடலாம். கம்பெனி மாற்றுவதும் முடியும். தனி ஆள் நம்பர் என்றால் போர்ட் என்று எழுதி, இடைவெளி விட்டு, நம்பரைப் போட்டு 1900க்கு அனுப்ப வேண்டும். பதிலுக்கு ஒரு கோட் (code) எஸ்.எம்.எஸ்.ஸில் வரும், அதைப் புதுக் கம்பெனியிடம் கொடுக்க வேண்டும். இங்கே அது நான்கு நாள் செல்லும், நம்பர் மூன்று வேலை நாளில் மாறிவிடும். நிறுவன நம்பருக்குக் கையெழுத்து அதிகாரம் உள்ளவரின் கடிதம் வேண்டும், ஐந்து வேலை நாள் ஆகலாம். ஆடி மாதத்தில் மட்டும் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

எந்த கம்பெனி சிம் என்று கேட்டால், ஆள் போகிற ஊரைப் பொறுத்தது. குமுளி, வால்பாறைப் பக்கம் போகிறவருக்கு இரண்டு சிம் போன், இரண்டும் வேறு வேறு கம்பெனி. காவல்காரருக்கும் பைண்டிங் மேஸ்திரிக்கும் பட்டன் போன். டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டும் பேக் கொடுக்க வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவு போட்டபின் அப்படிப்பட்ட பேக் கிடைக்கிறது. கடையில் கேட்டால் முதலில் டேட்டா பேக்கைத்தான் காட்டுவார்கள்.

குடோனுக்குள் சிக்னல் வராது. பேப்பர் கட்டு கூரை வரை அடுக்கியிருக்கும், மேலே தகரம். ஒரு பூஸ்டர் விற்பனையாளர் நல்ல விலை சொன்னார். அனுமதியில்லாத பூஸ்டர் சட்டப்படி குற்றம், டவருக்கும் தொல்லை. குடோனில் ஒரு வைஃபை பெட்டி மாட்டி, எல்லோர் போனிலும் வைஃபை காலிங்கை ஆன் செய்தோம். இதற்கென்று தனிக் கட்டணம் கிடையாது. இப்போது லோடு ஏற்றும்போது மேஸ்திரி வெளியே ஓடி வந்து பேசுவதில்லை.

கடைசியாக, 1800 நம்பர், "ஆர்டருக்கு 1ஐ அழுத்தவும்" என்கிற கிளவுடு போன் ஏற்பாட்டை விற்க அடிக்கடி ஆள் வருகிறார்கள். பத்துப் பேர் உட்கார்ந்து போன் எடுக்கிற இடத்துக்கு அது சரி. எங்கள் பார்ட்டிகள் போன் அடித்ததும் "அக்கா, போன வருஷம் போட்ட முருகன் படமே இந்தத் தடவையும்" என்று தொடங்குகிறவர்கள். அவர்களை 1ஐ அழுத்தச் சொல்ல எனக்கு மனசில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், விற்க வந்தவருக்கு ஒரு காலண்டர் கொடுத்து அனுப்பினேன்.