கடல் ஒதுக்கிய கரி: கிறிஸ் கில்லிப்பின் படநூல்

மேன் தீவில் பிறந்த ஒளிப்படக் கலைஞர் கிறிஸ் கில்லிப்பின் தொடக்ககால நூல்களில் ஒன்றான ‘இன் ஃபிளாக்ரான்டே’ 1988இல் வெளிவந்தது. கப்பல் கட்டும் தளங்களும் சுரங்கங்களும் மூடப்பட்டுவந்த 1970, 80களின் வடகிழக்கு இங்கிலாந்தில், வேலையிழந்த மக்கள் எவ்வாறு காலம் தள்ளினார்கள் என்பதைக் கறுப்பு வெள்ளையில் காட்டும் இந்நூல், துறைமுகத்து நிலக்கரித் தூள் மொட்டைமாடியில் படிந்த காலத்தை அறிந்த இராயபுரத்து வாசகருக்கு அந்நியமாகத் தோன்றாது.

நூலின் உயிர் அதே வடகிழக்கிலுள்ள லைன்மவுத் கடற்கரைப் படங்களில் இருக்கிறது. சுரங்கக் கழிவோடு கடலில் கொட்டப்பட்ட நிலக்கரியை அலைகள் கரையில் ஒதுக்க, அதைக் குதிரை வண்டிகளில் அள்ளி விற்றுப் பிழைத்தவர்களை கில்லிப் 1976இலேயே கண்டார். ஆனால் உதவித்தொகை அலுவலகத்தின் உளவாளியென்று சந்தேகித்து அவர்கள் அவரை விரட்டிவிட்டதால், 1980களில்தான் அங்கே படமெடுக்க முடிந்தது. பிறகு அவர்களிடையே ஒரு கேரவனில் (வீடாகப் பயன்படும் இழுவை வண்டியில்) குடியிருந்தார். ஞாயிறு விடியலில் காசிமேட்டு மீன் ஏலத்தைப் படமெடுத்து, வெயில் ஏறுமுன் வீடு திரும்பும் நம்மூர் நண்பர்கள் இதைச் சற்று யோசிக்கலாம்.

கரி இறைந்த அந்தக் கரையில் ஒரு சிறுமி வளையம் சுற்றுகிறாள். நம்மிடம் இரக்கம் கேட்கும் தோரணை சிறிதும் இல்லாமல் தன் ஆட்டத்தில் ஆழ்ந்திருக்கிறாள். ஜாரோ நகரத்து இளைஞனோ (1976) ஒட்ட வெட்டிய தலையும் கனத்த பூட்ஸுமாகச் சுவர்மேல் குறுகி அமர்ந்து, கண்களை இறுக மூடி, கைகளை நெற்றியில் அழுத்திக்கொண்டிருக்கிறான். 4×5 அங்குல ஃபிலிம் தாளில் படமெடுக்கும் பெரிய கேமராவின் துல்லியத்தால் அவன் கோட்டின் சுருக்கங்கள்கூடத் தெளிவாகத் தெரிகின்றன. அவ்வளவு பெரிய கருவியை ஒளித்துவைத்துப் படமெடுப்பது எளிதன்று என்பதையும் சொல்ல வேண்டும்.

குறையென்றால், ஸ்டைடல் பதிப்பகம் 2016இல் கொண்டுவந்த மறுபதிப்பைத்தான் சொல்வேன். கலை விமர்சகர் ஜான் பெர்ஜரும் சில்வியா கிராண்டும் முதற்பதிப்புக்கு எழுதிய கட்டுரை இதில் இல்லை. படமே பேசட்டும் என்பது கொள்கையளவில் சரிதான். ஆனால் 1984–85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைப் பற்றி எதுவும் அறியாதவருக்கு இப்படங்களின் கோபம் பாதிதான் எட்டும். அச்சுத் தரம் உயர்வு, விலையும் அப்படியே. ஒளிப்படம் பயில்பவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கலாம். மற்றவர்கள் முதற்பதிப்பு ஏதேனும் நூலகத்தில் கிடைத்தால் அதையே முதலில் பாருங்கள்.