லைன் அறுந்தாலும் ஒலி வந்து சேர வேண்டும்: நான்கு கட்டளைக் கருவிகள், ஒரு மலைத்தோட்டம்

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பக்கம். லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நின்றால் போனில் இரண்டு கோடு காட்டும், காம்பராவுக்குள் போனால் ஒன்றுமில்லை, மலைக்கு அந்தப் பக்கம் கொழுந்து எடுக்கப் போகும் அம்மாவுக்கோ காலையிலிருந்து சாயந்தரம் வரை சிக்னலே கிடையாது. அதனால் கேட்க வேண்டியதை ராத்திரியே இறக்கி மெமரி கார்டில் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. ஒரு பழைய மடிக்கணினி, ஒரு டொங்கள் (சிம் போட்டு இணையம் எடுக்கும் குச்சி), கறுப்புத் திரையில் தட்டும் கட்டளை, அவ்வளவுதான். எந்தக் கருவியில் எத்தனை வசதி என்று நான் பார்ப்பதில்லை, பாதியில் லைன் அறுந்தால் அது என்ன செய்கிறது என்றுதான் பார்க்கிறேன், ஏனென்றால் ஒரே கோப்பை இரண்டு தடவை இறக்கினால் ரீலோட் போட்ட காசு இரண்டு தடவை போகிறது.

நேரடி இணைப்பு கிடைக்கும் கோப்பென்றால் டபிள்யூகெட் (wget) என்ற இறக்கும் கருவிதான். இன்டர்நெட் ஆர்க்கைவ், நூலகம் நிறுவனத்தின் ஆவணகம், பாட்காஸ்ட் ஓடைகள், எல்லாவற்றுக்கும் அதுவே போதும். 1996-இலிருந்து இருக்கும் கிழட்டுக் கருவி, ஆனால் பொறுமைசாலி: லைன் அறுந்தால் தானாகவே 20 தடவை வரை முயன்று விட்ட இடத்திலிருந்து தொடரும். கரண்ட் போய்க் கணினியே அணைந்துவிட்டதா, அடுத்த நாள் அதே கட்டளையோடு ஹைஃபன் போட்டுச் சின்ன 'சி' (-c) சேர்த்தால் மிச்சத்தை மட்டும் இறக்கும். ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். சிக்னல் செத்த பிறகும் அது 900 வினாடி பேசாமல் காத்திருக்கும், அந்தக் கால் மணி நேரம் நமக்கு வீண். அந்தக் காத்திருப்பை (--timeout) 30 வினாடி என்று வைத்தால் சுறுசுறுப்பாகத் திரும்ப முயலும்.

கர்ல் (curl) என்ற இன்னொரு இறக்கும் கருவி இதற்கு நேர் எதிர், சொன்னதை மட்டுமே செய்யும். முதல் தடவை ஒரு பாட்காஸ்ட் அத்தியாயத்தை அதில் இறக்கியபோது அரை மணி நேரப் பேச்சுக்குச் சில நூறு பைட்டில் ஒரு எம்பி3 வந்தது. திறந்து பார்த்தால் 'இது வேறு இடத்துக்கு மாற்றப்பட்டுள்ளது' என்ற வெறும் ஒரு பக்கம். பாட்காஸ்ட் இணைப்புகள் கேட்போரை எண்ணுவதற்காக இரண்டு மூன்று இடம் சுற்றித்தான் உண்மையான கோப்புக்குப் போகும். பெரிய 'எல்' (-L) போடாவிட்டால் கர்ல் அந்த வழியே போகாது, மறுமுயற்சியும் நாம் கேட்டால்தான். நிரல் எழுதுபவர்களுக்கு அருமையான கருவி, இந்த வேலைக்கு நான் அதை எடுப்பதில்லை.

யூடியூப் மாதிரித் தளங்களில் மேலே சொன்ன இரண்டும் பலிக்காது. பக்கத்து லயத்துப் பிள்ளைகளுக்குச் சாதாரண தரப் (ஓ.எல்.) பரீட்சைப் பாடம் சொல்லும் ஆசிரியர் தன் பாடங்களை அங்கேதான் போடுகிறார். (அவரிடம் கேட்டுத்தான் இறக்குகிறேன், நீங்களும் கேளுங்கள், அனுமதியில்லாமல் இறக்குவது அந்தத் தளத்தின் விதிக்கு மாறானது.) இத்தளங்களுக்கென்றே இருந்த பழைய கருவியான யூடியூப்-டிஎல்லின் (youtube-dl) கடைசி நிலையான வெளியீடு 2021 டிசம்பரில் வந்தது, அதை விட்டுவிடுங்கள். அதிலிருந்து கிளைத்த வைடி-டிஎல்பிதான் (yt-dlp) இப்போது உயிரோடு இருப்பது, அதையும் அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். 2025 நவம்பரிலிருந்து யூடியூப்புக்கு முழுமையாக வேலை செய்ய டீனோ (Deno) போன்ற, ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் ஒரு துணை மென்பொருளையும் கேட்கிறது. தொந்தரவுதான், இருந்தாலும் இதன் இரண்டு குணத்துக்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். சொல்லிவைத்தால் இறக்கியவற்றின் அடையாளத்தை ஒரு கோப்பில் எழுதிவைத்து அடுத்த தடவை அவற்றைத் தாண்டிப் போகும். அப்புறம், எந்த அளவில் வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். பெரிய 'எஃப்' (-F) போட்டால் பட்டியல் வரும். வினாடிக்கு 128 கிலோபிட் ஒலி ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 58 எம்பி, ஓபஸ் (Opus) என்ற ஒலி வடிவத்தில் 50 கிலோபிட் என்றால் 22 எம்பிதான். பாடத்துக்கும் பேச்சுக்கும் சின்னதே தாராளம்.

ஆனால் அம்மாவின் பட்டன் போனுக்கு ஓபஸ் தெரியாது, எம்பி3 மட்டும்தான். அங்கேதான் எஃப்எஃப்எம்பெக் (ffmpeg) என்ற வடிவம் மாற்றும் கருவி வருகிறது, வைடி-டிஎல்பி அதைக் கூப்பிட்டு மாற்றிக்கொள்ளும். சின்ன ஓபஸை இறக்கி வீட்டிலேயே மாற்றினால் அந்த மாற்றத்துக்கு டேட்டா செலவில்லை.

நேரலை வானொலியைப் பதிவு செய்யவும் எஃப்எஃப்எம்பெக்தான் சரி. டபிள்யூகெட்டும் பிடிக்கும், அதுவாக நிறுத்தாது, எஃப்எஃப்எம்பெக்கில் 3600 வினாடி என்று சொன்னால் அதோடு முடிந்துவிடும். லைன் அறுந்தால் திரும்ப இணையச் சொல்லும் தேர்வுகளை மறக்காமல் சேருங்கள், இல்லாவிட்டால் பாதியிலேயே முடித்துக்கொள்ளும். இன்னொன்று, எம்பி3 ஓடையென்றால் எம்பி3-யாகவே சேமியுங்கள். போன மழைக்கு மரம் விழுந்து கரண்ட் போனது, என் கணினியின் பேட்டரி செத்துப் பல நாள். எம்4ஏ (m4a) என்ற வடிவத்தில் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பட்டிமன்றம் திறக்கவே இல்லை, கோப்பில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை அந்த வடிவத்தில் பொதுவாகக் கடைசியில்தான் எழுதப்படும். எம்பி3 என்றால் கரண்ட் போன நொடி வரைக்குமாவது கேட்டிருக்கலாம்.

கோப்பின் பெயரைத் தமிழில் விட்டால் அந்தப் போனில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும், அதனால் எண்ணையே பெயராக வைக்கிறேன். நேற்று ராத்திரி அம்மா கார்டைக் கொடுக்கும்போது, "பதினேழு வரைக்கும் கேட்டுட்டேன் தம்பி, பதினெட்டுலருந்து போடு" என்றார்.