டூரிஸ்ட் விசாவில் ஆளைக் கூப்பிடச் சொன்னால் காசு கொடுக்காதீர்கள்

இலங்கையின் கிழக்குக் கரையில், அறுகம்பேயில் சின்னதாக ஒரு தங்குமிடமும் அதோடு ஒட்டினாற்போல் ஒரு சாப்பாட்டுக் கடையும் வைத்திருக்கிறேன். இங்கே சீசன் ஏப்ரலில் தொடங்கி ஒக்டோபரோடு சரி. போன வருடம் ஒரு தந்தூரி அடுப்பு வாங்கிப் போட்டேன். அதற்குக் கைதேர்ந்த ஒருவரை இந்தியாவிலிருந்து எடுக்கலாம் என்று கிளம்பியதில்தான் மாட்டினேன்.

அக்கரைப்பற்றில் தெரிந்தவர் ஒருவர் கொழும்பு ஏஜென்ட் ஒருவரைக் காட்டிவிட்டார். ஏசி போட்ட கந்தோர், சுவர் நிறையச் சான்றிதழ்கள். "அண்ணன், வேலை விசாவுக்கு எழுதிப்போட்டா இழுபடும். ஆளை டூரிஸ்ட் விசாவில வரச் சொல்லுங்க, வந்த பிறகு இங்கயே மாத்திடலாம்" என்றார். மொத்தம் மூன்றரை இலட்சம், முதலில் இரண்டு. கொடுத்தேன். சீசன் நெருங்கும்போது மனுசனுக்கு யோசிக்கத் தோன்றாது.

இந்தியாவிலிருந்து சமையல்காரத் தம்பி ஒருவன் அப்படியே டூரிஸ்ட் விசாவில் வந்து அடுப்பில் நின்றான். மூன்று வாரத்தில் ஏஜென்ட் வட்ஸ்அப்பில் ஆங்கிலத் தாள் ஒன்றை அனுப்பி, "விசா வந்துட்டு" என்றார். மிச்சக் காசையும் போட்டேன். தாளை நான் வாசிக்கவில்லை. அது என் மடத்தனம்.

சம்பளம் போடக் கணக்குத் திறக்கலாம் என்று தம்பியை வங்கிக்குக் கூட்டிப் போனேன். அங்கே தாளைப் பார்த்த வங்கிப் பிள்ளை, "இது டூரிஸ்ட் விசாவை நீடிச்சது அங்கிள், வேலை விசா இல்ல" என்றாள்.

அன்றிரவே பொத்துவிலிலிருந்து கொழும்பு பஸ். காலையில் பத்தரமுல்லை சுஹுருபாயவில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் கேட்டபோது பொறுமையாகச் சொன்னார்கள். ஆள் விமானம் ஏற முன்னரே, வேலை கொடுப்பவர் விண்ணப்பிக்க வேண்டும். அந்தத் துறைக்குரிய அமைச்சின் சிபாரிசு வேண்டும். அதன்பேரில் நுழைவு விசா கிடைக்கும், அதில் வந்து இறங்கிய பிறகுதான் வதிவிட விசா, நாம் வேலை விசா என்று சொல்வது அதைத்தான். டூரிஸ்ட் விசாவில் வந்தவர் சம்பளத்துக்கும் வேலை செய்யக் கூடாது, சும்மாவும் செய்யக் கூடாது. அதாவது அந்தத் தம்பி என் குசினியில் நின்ற ஒவ்வொரு நாளும் பிழை. பிடிபட்டிருந்தால் அவனுக்கும் வில்லங்கம், எனக்கும் வில்லங்கம்.

டிக்கெட் எடுத்து அனுப்பிவைத்தேன். வேலை செய்த நாட்களுக்குக் கணக்கு முடித்துக் கொடுத்தேன், ஆனால் கடன்பட்டு வந்தவன் அவன். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஏஜென்டைப் பிடித்தபோது, "விசா எடுத்துத் தந்தேன்தானே" என்கிறார். பற்றுச்சீட்டை அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். வேலை விசா என்று ஓரிடத்திலும் இல்லை, "ஆலோசனைக் கட்டணம்" என்றுதான் இருக்கிறது. பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அவர்களும் முதலில் கேட்டது அந்தச் சீட்டைத்தான்.

இந்தப் பக்கம் ஹோட்டல், யோகா, சேர்ஃபிங் என்று வெளிநாட்டு ஆள் எடுக்க நிற்பவர்கள் நிறையப் பேர். நுழைவு விசாவின் பிரதி கைக்கு வராமல் ஆளுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். சீட்டில் எதற்கான காசு என்று முழுதாக எழுதி வாங்குங்கள். நான் இந்த முறை விண்ணப்பத்தை நானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். அதுவரை தந்தூரி அடுப்பு தறப்பாளுக்குக் கீழேதான் கிடக்கும்.