டீப் பர்ப்பிளின் ‘டீப்பஸ்ட் பர்ப்பிள்’: பதினைந்து ஆண்டுகளாகக் கேட்டு வரும் தொகுப்பு

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான டீப் பர்ப்பிளின் பன்னிரண்டு பாடல்கள் அடங்கிய ‘டீப்பஸ்ட் பர்ப்பிள்’ குறுந்தகடு என் கைக்கு வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. இத்தொகுப்பு வெளியான 1980இல் அக்குழு இயங்கவே இல்லை. 1976இல் கலைந்துபோன அவர்கள் 1984இல்தான் மீண்டும் கூடினார்கள். அந்த இடைவெளியில் வந்த பழைய பாடல்களின் தொகுப்பு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

முதல் சில ஆண்டுகள் கணினியோடு வந்த சிறிய ஒலிபெருக்கிகளில்தான் இதைக் கேட்டேன். குழுவில் இரண்டு கிட்டார் கலைஞர்கள் இருப்பதாகவே அப்போது நம்பியிருந்தேன். நல்ல ஹெட்ஃபோன் ஒன்று வாங்கிய பிறகுதான், இரண்டாவது கிட்டார் என்று நான் நினைத்தது ஜான் லார்டின் ஹம்மண்ட் ஆர்கன் என்ற மின்விசைப்பலகைக் கருவி என்பது புலப்பட்டது. கிட்டாருக்கு உரிய மார்ஷல் ஆம்ப்ளிஃபையர் வழியாக அவர் ஆர்கனைச் செலுத்தியதால், தேவாலயத்தில் கேட்டுப் பழகிய அந்தக் கருவி கரகரத்து உறுமத் தொடங்கியது. ‘ஹைவே ஸ்டார்’ பாடலில் முதலில் ஆர்கனும் பின்னர் ரிச்சி பிளாக்மோரின் கிட்டாரும் தனி ஆவர்த்தனம் செய்யும் பகுதிகளை அடுத்தடுத்துக் கேட்டால், இருவரும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசையிலிருந்து ஒரே வகையான சுர நகர்வுகளை எடுத்துக்கொண்டு போட்டியிடுவது தெளிவாகத் தெரியும். எத்தனை முறை கேட்டும் எனக்கு அலுக்காத இடம் அது.

‘சைல்ட் இன் டைம்’ பத்து நிமிடங்களைத் தாண்டும் பாடல். மெல்லிய ஆர்கனில் தொடங்கி, பாடகர் இயன் கில்லனின் குரல் முனகலிலிருந்து அலறலுக்குப் படிப்படியாக ஏறுவதால், வேறு வேலை செய்துகொண்டே இதைக் கேட்க என்னால் முடிவதில்லை. அதன் ஆதார மெட்டு, இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே என்ற அமெரிக்கக் குழுவின் ‘பாம்பே காலிங்’ இசையிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைக் குழுவினரே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசிப் பாடலாக ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ வைக்கப்பட்டிருப்பது சரியான முடிவு. 1971 டிசம்பர் 4 அன்று, ஸ்விட்சர்லாந்தின் மோன்த்ரோ நகரில் அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது, பார்வையாளர் ஒருவர் சுட்ட தீப்பொறித் துப்பாக்கியால் கேசினோ எரிந்து போனது. அங்கேயே ஒலிப்பதிவு செய்வதற்காக வந்திருந்த டீப் பர்ப்பிள் குழுவினர், ஜெனீவா ஏரியின் மேல் படர்ந்த அந்தப் புகையையே பாடலாக்கினார்கள். பிளாக்மோர் அந்தப் புகழ்பெற்ற கிட்டார் இசைத்தொடரை, தந்தி மீட்டும் சிறு வில்லையான பிளெக்ட்ரம் இல்லாமல், விரல்களால் இரண்டிரண்டு தந்திகளாக மீட்டுகிறார். கிட்டார் கற்கும் நண்பர்கள் பலர் இதைக் கவனிக்காமல் வாசித்துவிட்டு, ஒலி ஏன் ஒத்துவரவில்லை என்று கேட்டிருக்கிறார்கள்.

என் நீண்டகால மனக்குறை பாடல்களின் வரிசையைப் பற்றியது. 1970ஆம் ஆண்டுப் பாடல்களோடு தொடங்கி, 1971, மீண்டும் 1970, 1973, 1972, 1974 என்று தாவி, பிறகு 1971க்கும் 1972க்கும் திரும்புகிறது. ‘பர்ன்’, ‘ஸ்டார்ம்பிரிங்கர்’ ஆகிய 1974ஆம் ஆண்டுப் பாடல்களில் கில்லனும் பேஸ் கிட்டார் வாசித்த ராஜர் குளோவரும் இல்லை. அவர்களுடைய இடத்தில் டேவிட் கவர்டேலும் கிளென் ஹியூஸும் இருக்கிறார்கள். புதிதாகக் கேட்பவருக்கு, குரல் திடீரென மாறி, ‘டீமன்ஸ் ஐ’ வந்ததும் மறுபடி பழைய குரலே ஒலிப்பது குழப்பத்தைத்தான் தரும். எனக்கு அப்படித்தான் இருந்தது. தவிர, 1968இல் அமெரிக்காவில் அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்த ‘ஹஷ்’ இதில் இல்லை. ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தின் ‘லேஸி’யும் இல்லை. மேடையில் அவர்கள் எப்படி வாசித்தார்கள் என்பதை அறிய, 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் பதிவான ‘மேட் இன் ஜப்பான்’ ஆல்பத்தைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

கணினியில் ஏற்றிய பிறகு பாடல்களை ஆண்டு வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறேன். ‘பிளாக் நைட்’ முதலிலும் ‘ஸ்டார்ம்பிரிங்கர்’ இறுதியிலும் வருகின்றன. அப்படிக் கேட்கும்போது, எத்தனையோ மாற்றங்களுக்கு நடுவிலும் மாறாமல் நின்ற இயன் பெய்ஸின் டிரம்ஸ் முன்னைவிடத் தெளிவாகக் காதில் விழுகிறது.