பீன்யா பேனலுக்கு 4ஜி மோடம்: அலாரம் எஸ்எம்எஸ்ஸை நம்பி ஒப்படைக்கலாமா?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில், மெஷின் கோளாறைப் போனுக்கு மெசேஜாக அனுப்பும் எஸ்எம்எஸ் மோடம் கேட்டால் இப்போதும் முதலில் எடுத்து வைப்பது சிம்900ஏ, சிம்800சி போர்டுகளைத்தான். ஆயிரம் ரூபாய்க்குள் வேலை முடியும். ஆனால் இரண்டும் 2ஜி மட்டும். ஜியோ சிம் அதில் வேலையே செய்யாது. ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா) இரண்டும் 2ஜியை வைத்திருக்கும் வரைதான் அதற்கு ஆயுள். வருஷக்கணக்கில் கன்ட்ரோல் பேனலுக்குள் கிடக்கப்போகும் பொருளை அப்படி வாங்கக் கூடாது.

இங்கே பார்ப்பது குவெக்டெல் இசி200யு மாட்யூல், ஆர்எஸ்232 போர்ட், 9 முதல் 36 வோல்ட் டிசி சப்ளை, டின் ரெயில் கிளிப் சகிதம் பல பெயர்களில் விற்கும் 4ஜி மோடம். விலை பல மடங்கு கூடுதல். கம்ப்ரஸர் ரூம், பாய்லர், கோல்ட் ரூம் என்று பிஎல்சி (மெஷினை இயக்கும் கன்ட்ரோலர்) இருக்கும் எந்த இடத்துக்கும் இதையே போடச் சொல்வோம். கூட வரும் குட்டை ஆன்டெனாவையும் மேனுவலையும் மட்டும் ஒதுக்கிவிடலாம்.

கொடுக்கும் காசுக்கு முதல் பலன் சப்ளையில் தெரியும். 2ஜி போர்டு சிக்னல் அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். மெல்லிய வயரில் அடாப்டர் கொடுத்திருந்தால் அந்த நொடியில் வோல்டேஜ் சரிந்து மாட்யூல் ரீசெட் ஆகும். மோடத்துக்கு இடும் கட்டளையான ஏடி கமாண்டுக்கு ஓகே வரும், சிக்னலும் நன்றாகக் காட்டும், மெசேஜ் அனுப்பும்போது மட்டும் செத்து எழும். இந்த மோடத்தில் பேனலின் 24 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்தால் போதும், அந்தத் தொல்லை இல்லை.

பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டை ஷெட்டுகளில் தகரக் கூரை, அதற்குள் இரும்பு பேனல். ஆன்டெனாவைப் பேனலுக்குள் விட்டால் சிக்னல் எங்கே வரும்? 3 மீட்டர் கேபிள் கொண்ட மேக்னெட் ஆன்டெனா வாங்கி, பேனலுக்கு வெளியே, விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) கேபிள் போகும் டிரேயிலிருந்து தள்ளி ஒட்டுங்கள். சிக்னல் பலத்தைக் கேட்கும் ஏடி+சிஎஸ்க்யூ கமாண்ட் 0 முதல் 31 வரை காட்டும். 99 என்றால் சிக்னலை அளக்க முடியவில்லை என்று அர்த்தம். 10 என்பது மைனஸ் 93 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அலகு). 15க்கு மேல் நிற்கும்படி இடம் பிடித்துவிட்டால் நிம்மதி.

செட்டிங் எளிது. சிம்மின் பின் (PIN) லாக்கைப் போனிலேயே எடுத்துவிடுங்கள். பிஎல்சி 9600 பாட் (டேட்டா வேகம்) என்றால் ஏடி+ஐபிஆர்=9600. மூன்று வயர் கேபிள் என்றால் ஏடி+ஐஎஃப்சி=0,0 (ஃப்ளோ கன்ட்ரோல் ஆஃப்). ஏடி+சிஎம்ஜிஎஃப்=1 போட்டு டெக்ஸ்ட் மோடுக்கு மாற்றி, ஏடி&டபிள்யூ-வில் சேமியுங்கள். கரண்ட் போய் வந்தபின் எல்லாம் நிற்கிறதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். சில செட்டிங்குகள் நிற்காது. அதனால் பிஎல்சி ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் திரும்ப அனுப்பும்படி எழுதுவதே நல்லது.

பெரும்பாலான புரோகிராம்கள் சறுக்குவது அனுப்பும் இடத்தில். ஏடி+சிஎம்ஜிஎஸ் என்ற அனுப்பும் கமாண்ட், நம்பர், அதன்பின் டெசிமல் 13 (என்டர்) மட்டும். 10 (அடுத்த வரி) சேர்க்கக் கூடாது. மோடத்திலிருந்து '>' குறி, அதாவது டெசிமல் 62, வந்த பிறகே செய்தி. முடிவில் 26 (கன்ட்ரோல்-இசட்). பதில் வர ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். 5 செகண்டில் டைம்அவுட் வைத்து மறுபடி அனுப்பினால் ஒரே அலாரம் இரண்டு முறை போகும். நெட்வொர்க்கில் பதிவானதா என்று கேட்கும் ஏடி+சிரெக் பதிலில் 1 அல்லது 5 வந்தால்தான் நெட்வொர்க் உண்டு என்று பழைய 2ஜி புரோகிராம் எழுதியிருப்பார்கள். 4ஜியில் 6 வரலாம். எஸ்எம்எஸ்ஸுக்கு மட்டும் பதிவு என்று அர்த்தம். அதையும் ஏற்றுக்கொள்ளச் செய்யாவிட்டால் நல்ல மோடத்தை வைத்துக்கொண்டு அலாரம் போகாமல் நிற்கும்.

டேக் பெயரில் (பிஎல்சியில் சிக்னலுக்கு இட்ட பெயர்) அடிக்கோடு இருந்தால், கேரக்டர் செட் (எழுத்துக் குறியீட்டு முறை) ஜிஎஸ்எம் ஆக இருக்கும்போது போனில் வேறு குறி வந்து நிற்கும். ஏடி+சிஎஸ்சிஎஸ் மூலம் ஐஆர்ஏ-வுக்கு மாற்றுங்கள். தமிழில் அனுப்ப யுசிஎஸ்2 என்ற கேரக்டர் செட் வேண்டும். ஒரு மெசேஜில் 160 இடம் போய் 70தான். அதிலும் 'கம்ப்ரஸர்' ஆறு எழுத்து என்றாலும் புள்ளிகளையும் சேர்த்து 9 இடம் பிடிக்கும். நைட் ஷிஃப்டில் தமிழ்க்காரர்கள் இருந்தால் 'கம்ப்ரஸர் 2 சூடு 108' போல நாலு சொல்லில் முடியுங்கள், படித்தவுடன் கை ஓடும்.

சிம் விஷயத்தில் அவசரம் ஆகாது. பெரும்பாலான பிளான்களில் நாளைக்கு 100 எஸ்எம்எஸ். ஐந்து பேருக்கு அனுப்பினால் இருபது அலாரத்தில் தீர்ந்துவிடும். தண்ணீர் மட்டத்தோடு ஆடி ஆடி ஆன்-ஆஃப் ஆகும் ஃப்ளோட் சுவிட்ச் ஒன்று போதும், ஒரே இரவில் கோட்டாவைக் காலி செய்ய. ஒவ்வொரு அலாரத்துக்கும் 5 முதல் 10 செகண்ட் டிலே கட்டாயம். அதே நம்பருக்கு சிம்மை மாற்றி எடுத்தால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் முடக்கம் உண்டு. மோடத்தைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள். மெஷின்களுக்கென்றே தரும் 13 இலக்க எம்2எம் சிம் முன்பே பதிந்த எண்களுக்கு மட்டுமே அனுப்பும். சூப்பர்வைசர் மாறினால் எண்ணையும் பதிந்து மாற்ற வேண்டும். ஜியோவில் எஸ்எம்எஸ் ஐஎம்எஸ் (4ஜி டேட்டா மேல் கால், மெசேஜ் அனுப்பும் முறை) வழியாகப் போகிறது. ஃபர்ம்வேரில் அது திறந்திருக்காவிட்டால் நெட்வொர்க் காட்டும், மெசேஜ் போகாது. ஜியோ போடுவதானால் கடையிலேயே அந்த சிம்மைப் போட்டு ஒரு மெசேஜ் அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

பெரிய குறை, உள்ளே பேட்டரி இல்லை. பெஸ்காம் (பெங்களூரு மின் விநியோக நிறுவனம்) கரண்ட் போனதைச் சொல்ல வேண்டிய மோடம் கரண்டோடு சேர்ந்தே போய்விடும். 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி இரண்டை சீரியஸில், டிசி யுபிஎஸ் வழியாக பிஎல்சிக்கும் மோடத்துக்கும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு ஃபேஸ் போனாலும் காட்டும் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டரின் கான்டாக்டை பிஎல்சிக்கு ஒரு இன்புட்டாக எடுங்கள். மோடம் எப்போதாவது உறையும். அதன் சப்ளையை பிஎல்சி ரிலே வழியாக ஓட்டி, ஏடிக்கு மூன்று முறை பதில் இல்லை என்றால் 10 செகண்ட் அணைத்துப் போடும்படி எழுதுங்கள். காலை 8 மணிக்கு 'எல்லாம் சரி' மெசேஜ் ஒன்று தினமும் போகட்டும். அது வராத நாளில் ரீசார்ஜ் முடிந்ததா, ஆன்டெனா கழன்றதா என்று போய்ப் பார்க்கலாம். ஒப்படைக்கும் அன்று மெயின் பிரேக்கரான எம்சிசிபியை இறக்கிவிட்டு, கரண்ட் போன மெசேஜ் லிஸ்டில் உள்ள எல்லாப் போனுக்கும் வந்ததா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.