பால் ஜாயிண்ட் புல்லர்: 700 ரூபாய்க்கு ஓகே, ஆனா கிரீஸ் போடாம கைய வெக்காதீங்க

இறுகிப்போன பால் ஜாயிண்ட்ட கழட்டுற டூல் இது, ஆன்லைன்ல 700 ரூபாய்க்கு வாங்குனது. பெரிய கத்திரிக்கோல் மாதிரி ஒரு பக்கம் ரெண்டு தாடை, பின்னாடி ஒரு நீட்டு போல்ட்டு, அத முறுக்க முறுக்க பின்பக்கம் விரிஞ்சு முன்பக்க தாடை மூடும், அவ்ளோ தான் மேட்டர். நான் வாங்குனது டை ராட் எண்ட் (ஸ்டியரிங்ல இருந்து வீலுக்கு போற ராடோட நுனில இருக்கற பால் ஜாயிண்ட்) கழட்ட மட்டும் தான்.

வண்டி 2009 ஆல்டோ. மெட்ரோ வேலை நடக்குற மேடவாக்கம் ரோட்டுல தான் டெய்லி போறேன், குழில இறங்குனா லெஃப்ட் சைடு டொக் டொக்னு சத்தம், ஸ்டியரிங்ல வேற கொஞ்சம் பிளே, அதாவது லூஸா ஆடுது. ஒரு மெக்கானிக் பாத்துட்டு ரேக்கையே (ஸ்டியரிங் சுத்துனா வீல திருப்புற மொத்த செட்டு) மாத்தணும் சார்னு கூலா சொல்லிட்டாரு. எனக்கு மனசு ஒப்பல. வீட்டுல ஜாக்கி போட்டு தூக்கி டயர 9 மணி 3 மணி இருக்கற இடத்துல புடிச்சு ஆட்டுனா நல்லாவே ஆடுது, 12க்கும் 6க்கும் புடிச்சு ஆட்டுனா கல்லு மாதிரி நிக்குது. அப்போ வீல் பேரிங், கீழ் பால் ஜாயிண்ட் எல்லாம் ஓகே, பிரச்சனை டை ராட் பக்கம் தான். தம்பிய ஆட்ட சொல்லிட்டு ஜாயிண்ட் மேல கை வெச்சா உள்ள டக்குனு இடிக்குறது விரல்லயே தெரியுது. ஜாயிண்ட மூடியிருக்கற ரப்பர் பூட் கிழிஞ்சு, உள்ள கிரீஸுக்கு பதிலா துரு கலர்ல தண்ணி. பூட் போச்சுன்னா ஜாயிண்டும் போச்சு, ரேக் மேல பழி போட்டு என்ன பண்றது.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்கற ஜி.பி. ரோடு போய் ரானே பிராண்டு டை ராட் எண்ட் ரெண்டு வாங்குனேன், ஆயிரத்துக்குள்ள முடிஞ்சுது. கடையிலயே டப்பாவ தொறந்து ஸ்டட்ட (ஜாயிண்ட்ல இருந்து நீட்டிட்டு இருக்கற மரை போட்ட தண்டு) கையால அசைச்சு பாருங்க, புதுசு டைட்டா தான் அசையணும், தொளதொளன்னு சாஞ்சா அங்கயே திருப்பி குடுத்துடுங்க.

இப்ப புல்லருக்கு வரேன். இதுக்கு முன்னாடி ஒருதடவ சுத்தியல் வெச்சு ட்ரை பண்ணி அரை நாள் போச்சு, ஸ்டட் நுனிய தட்டி தட்டி மரையே காளான் மாதிரி விரிஞ்சுடுச்சு. இந்த வாட்டி வீல் கழட்டி ஸ்டாண்ட் போட்டு (ஜாக்கிய மட்டும் நம்பி கீழ போகாதீங்க, சத்தியமா), லாக் நட்ட (டை ராட் எண்ட்ட ராடுல இறுக்கி புடிக்கற நட்டு) மொதல்ல லூஸ் பண்ணிட்டேன், ஏன்னா ஜாயிண்ட் கழண்டப்புறம் அது கூடவே சுத்தும், புடிக்க முடியாது. ஸ்பிளிட் பின்ன (நட்டு கழண்டுடாம ஓட்டைல மாட்டுற கம்பி) புடுங்கி, கேசில் நட்ட (ஸ்டட் மேல இருக்கற, பின்னுக்கு பள்ளம் வெட்டுன நட்டு) முழுசா எடுக்காம ரெண்டு மூணு மரைல விட்டுட்டு புல்லர மாட்டி முறுக்குனா, ஒண்ணுமே ஆகல. இன்னும் முறுக்குனா போல்ட்டு கிரீச்னு கத்துது. கம்பெனிக்காரன் ஒரு சொட்டு ஆயில் கூட போடாம காய்ஞ்சு போய் அனுப்பிருக்கான். கிரீஸ் தடவி திரும்ப முறுக்கி, கால் சுத்து, இன்னொரு கால் சுத்து, அப்புறம் பட்டாசு மாதிரி டப்புனு ஸ்டட் விட்டுச்சு! வாசல்ல பேப்பர் படிச்சுட்டு இருந்த அப்பா எழுந்து ஓடி வந்துட்டாரு. நட்டு இருந்ததால எதுவும் பறக்கல.

பழச ராடுல இருந்து கழட்டும்போது எத்தன சுத்துன்னு எண்ணிக்கோங்க. எனக்கு பதினேழரை, லாக் நட் இருந்த எடத்துல ஒயிட்னர்ல ஒரு கோடு வேற போட்டுகிட்டேன். புதுசையும் அதே பதினேழரை சுத்து ஏத்துனேன். கேசில் நட் டைட் பண்ணி ஓட்டை நேரா வரலன்னா இன்னும் கொஞ்சம் டைட் பண்ணுங்க, பின்னாடி லூஸ் பண்ணி ஓட்டைய சேக்க கூடாது. பின் புதுசு போடுங்க, அஞ்சு ரூபா தான். ரைட் சைடு முக்கா மணி நேரத்துல முடிஞ்சுது, லெஃப்ட் தான் ரெண்டர மணி நேரம் இழுத்துச்சு.

எண்ணி போட்டாலும் வீல் அலைன்மெண்ட் கட்டாயம், 400 ரூபா ஆச்சு. அங்க மெஷின்ல டோ (முன் வீலுங்க உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கற அளவு) கொஞ்சம் அவுட்டுன்னு தான் காட்டுச்சு, அப்படியே ஓட்டிருந்தா டயர் காலி. இப்ப டொக் டொக் சுத்தமா இல்ல.

புல்லருக்கு 4 ஸ்டார். ஒண்ணு கம்மி பண்ணது எதுக்குன்னா, தாடை நுனி ஷார்ப்பா இருக்கு, பழைய பூட்ட நறுக்கி விட்டுடுச்சு. தூக்கி போடுற ஜாயிண்டுக்கு கவலை இல்ல, ஆனா வேற வேலைக்காக கழட்டி அதையே திரும்ப மாட்ட போறீங்கன்னா பாத்து மாட்டுங்க. ஆல்டோவுக்கே வாய் சரியா தான் பத்துச்சு, ஸ்கார்பியோ பொலேரோ வெச்சிருக்கறவங்க தாடை அளவ பாத்துட்டு பெரிய சைஸ் ஆர்டர் போடுங்க.